வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்தால்: கவுன்சிலா, உறவினர் வீடா, வேறு வாடகை வீடா?

வீட்டுக்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்த அன்றிரவே லண்டனில் நம்மவர் வீடுகளில் மூன்று யோசனைகள் எழும். கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ போய் இருப்போம் என்பது ஒன்று. எப்பாடு பட்டாவது வேறு வாடகை வீடு பிடிப்போம் என்பது இன்னொன்று. உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்குப் போய் எங்களுக்கு இருக்க வீடில்லை என்று சொல்வது மூன்றாவது. அதைச் சொல்லும்போதே பலருக்குக் குரல் இறங்கிவிடும்.

ஈஸ்ட்ஹாம், ஹரோ, குரொய்டன் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கவுன்சில் கடிதங்களை வாசித்துச் சொல்லியும் படிவங்களை நிரப்பிக் கொடுத்தும் வருகிறேன். அநேகமாக எல்லோரும் இதே ஒழுங்கில்தான் முயல்கிறார்கள். முதலில் உறவினர், அடுத்து வாடகை வீடு, எல்லாக் கதவும் மூடிய பிறகு கவுன்சில். இந்த ஒழுங்கு பிழை. வீடிழக்கப் போகிறோம் என்று கவுன்சிலில் முதலில் பதிய வேண்டும்; மற்ற இரண்டையும் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டும். கவுன்சில் உடனே வீடு தந்துவிடாது, அந்த நம்பிக்கையில் நான் இதைச் சொல்லவும் இல்லை. மற்ற இரண்டு வழிகளுக்கும் தேவையான காசும் கால அவகாசமும் பாதுகாப்பும் அந்தப் பதிவோடுதான் வருகின்றன. வீட்டை விட்டு இறங்கிய பிறகு போனால் அவற்றில் பாதி கைநழுவிப் போயிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்தில், யாருக்கு முதலில் உதவுவது என்று சலிக்கும் முன்னுரிமைத் தேவை என்ற சோதனையையே 2012 முடிவோடு எடுத்துவிட்டார்கள். வேல்ஸுக்குத் தனிச் சட்டம் உண்டு.

கவுன்சிலின் கடமை எதுவரை

1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் ஏழாம் பகுதிதான் அடிப்படை. 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையில் இருக்கும் வீடின்மைக் குறைப்புச் சட்டம் அதை விரிவாக்கியது. அதற்கு முன்பு பிள்ளைகுட்டி இல்லாத ஒருவர் போய் நின்றால் ஆலோசனை என்ற பெயரில் சில தொலைபேசி எண்களைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இப்போது அப்படி முடியாது. 56 நாட்களுக்குள் வீடிழக்கக் கூடும் என்றால், தனி ஆளாக இருந்தாலும் குடும்பமாக இருந்தாலும், இருக்கிற வீட்டைக் காப்பாற்றவோ வேறு வீடு பிடிக்கவோ கவுன்சில் உதவ வேண்டும். அதிகாரிகள் இதைப் ‘பிரிவென்ஷன்’ என்பார்கள். உண்மையிலேயே வீடிழந்துவிட்டால் இன்னொரு 56 நாள், அது ‘ரிலீஃப்’. இரண்டு கட்டத்திலும் உங்கள் நிலைமையை விசாரித்து, நீங்கள் என்ன செய்ய வேண்டும், அவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் ஒரு திட்டம் தர வேண்டும்.

இவ்வளவும் கடந்தும் வீடு கிடைக்காவிட்டால்தான் முழுக் கடமை, அதாவது நிலையான வீடு கிடைக்கும் வரை இருக்க இடம் தரும் கடமை, என்ற கேள்வி வரும். சல்லடை அங்கேதான். உங்கள் குடிவரவு நிலை பொருந்த வேண்டும். முன்னுரிமைத் தேவை இருக்க வேண்டும்: வீட்டில் சிறு பிள்ளைகள், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ மனநிலையாலோ நலிந்தவர், தீயிலோ வெள்ளத்திலோ வீடிழந்தவர், 16, 17 வயதினர், குடும்ப வன்முறையிலிருந்து ஓடி வந்தவர் என்று அந்தப் பட்டியல் போகும். வேண்டுமென்றே வீட்டை இழந்தவராக இருக்கக் கூடாது. அந்தப் பகுதியோடு தொடர்பும் பார்ப்பார்கள். கடந்த 12 மாதத்தில் 6 மாதமோ, 5 ஆண்டில் 3 ஆண்டோ அங்கே இருந்திருந்தால் பொதுவாகப் போதும். அங்கே வேலை இருந்தாலும், நெருங்கிய உறவினர் நீண்டகாலமாக இருந்தாலும் சொல்லலாம்.

அவசர இருப்பிடத்துக்கு மட்டும் அளவுகோல் இறக்கமானது. நீங்கள் வீடிழந்தவராகவும், உதவிக்குத் தகுதியானவராகவும், முன்னுரிமைத் தேவை உள்ளவராகவும் இருக்கக் கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும். விசாரணை முடியும் முன்பே அன்றிரவுக்கு இடம் தர வேண்டும். “முதலில் எல்லாப் பத்திரத்தையும் கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்” என்று நடுத்தெருவில் நிற்கும் குடும்பத்திடம் சொல்ல முடியாது. சொல்லத்தான் செய்கிறார்கள். அதனால்தான் இந்த விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அக்கா வீடு

மனத்துக்கு இதுதான் லேசானது. யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்கும் தெரிந்த வீடு. ஆனால் கைவிரித்து நிற்கும் நிலைக்கு அதிகமானோரைக் கொண்டுவிட்டதும் இந்த வழிதான் என்று நான் கண்டிருக்கிறேன்.

மூன்று அறை வீட்டில் அக்கா குடும்பம் ஐந்து பேர். நீங்கள் நால்வர். முன்னறையில் மெத்தை விரித்துப் படுக்கிறீர்கள். இரவு வேலை முடிந்து வரும் அத்தான் குசினிக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் பிள்ளைகளின் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் மாதம் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாம் மாதம் மின்கட்டணம் பற்றிய கதை வரும். அக்கா வாடகை வீட்டில் இருப்பவராக இருந்தால் அவருடைய வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, ஒப்பந்தத்தில் இல்லாத ஆட்கள் யார் என்று கேட்பார். இப்போது இரண்டு குடும்பத்துக்கும் ஆபத்து.

கவுன்சில் கண்ணில் இது எப்படித் தெரியும்? உறவினரின் தயவில் சோபாவில் படுப்பவரையும் சட்டம் வீடற்றவராக ஏற்கக் கூடும். நீங்கள் தெருவில் படுத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் அவசரம் போய்விடும். “தற்போது இருக்க இடம் இருக்கிறதே” என்பார்கள். உறவினர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து இன்னும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று கேட்பார்கள். நம்முடைய அக்கா, வெளியாளிடம் தங்கையைப் போகச் சொல்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, “பரவாயில்லை, இருக்கட்டும்” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியம் கோப்பில் ஏறிவிடும். உங்கள் பழைய வீட்டில் நோட்டீஸ் மட்டும் வந்திருந்து, நீதிமன்ற உத்தரவு வரும் முன்பே நீங்களாக இறங்கியிருந்தால், இருக்கக்கூடிய வீட்டை வேண்டுமென்றே விட்டீர்கள் என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்தவராவீர்கள். அக்கா வேறு பரோவில், அதாவது லண்டனின் வேறொரு கவுன்சில் பகுதியில், இருந்தால் எந்தக் கவுன்சில் பொறுப்பு என்ற இழுபறி மேலதிகமாக வரும்.

ஆகவே உறவினர் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. போவதென்றால் பழைய வீடு இருந்த பரோவில் பதிந்து, அதிகாரியிடம் எழுத்தில் சொல்லி, இத்தனை நாளுக்கு மட்டும் என்று உறவினரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு போங்கள். உண்மையான திகதியையே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொடுப்பதை அன்புக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைக் காப்பாற்றுகிற கடிதம் அது.

கவுன்சில் உதவியோடு வாடகை வீடு

நம்மவர்கள் குறைவாகப் பயன்படுத்துவது இந்த வழியைத்தான். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 1,800 பவுண் வாடகை வீடு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி டெபொசிட் அதிகபட்சம் ஐந்து கிழமை வாடகை, அதாவது கிட்டத்தட்ட 2,076 பவுண். முதல் மாத வாடகையும் சேர்த்தால் சாவி கைக்கு வரும் முன்பே 3,900 பவுண் அளவில் வேண்டும். இந்தக் காசுக்குத்தான் சனம் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுக்கிறது, தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பிரிவென்ஷன் கட்டத்தில் இருக்கிறவருக்கு இந்த டெபொசிட்டையும் முதல் மாத வாடகையையும் கவுன்சில் கொடுக்கலாம், கடனாகவோ உத்தரவாதமாகவோ ஏற்பாடு செய்யலாம். பல பரோக்கள் வீட்டுக்காரருக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கின்றன. வாடகை பாக்கியால் வந்த நோட்டீஸ் என்றால், பாக்கியின் ஒரு பகுதியைக் கட்டி இருக்கிற வீட்டையே காப்பாற்றவும் நிதி உண்டு. ஆனால் இந்த உதவிகள் கேட்டால்தான் வரும். வீட்டை நீங்களாகப் பிடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு போய்க் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். முதலில் அதிகாரியிடம் வீட்டின் விபரத்தை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நிலைமையைச் சிறிது மாற்றியிருக்கிறது. காரணம் சொல்லாமல் எழுப்பும் பிரிவு 21 நோட்டீஸை அந்தத் திகதிக்குப் பிறகு கொடுக்க முடியாது. வீட்டை விற்கப் போகிறேன், நானோ என் குடும்பத்தாரோ குடியேறப் போகிறோம் என்றால் நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும், அதுவும் வாடகை தொடங்கிய முதல் 12 மாதத்துக்குள் அந்தக் காரணத்தால் எழுப்ப முடியாது. ஒரு மாதத்துக்கு மேல் முற்பணமாக வாடகை கேட்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட தொகைக்கு மேல் ஏலம் கேட்கவும் கூடாது. அரச உதவிப்பணமான பெனிபிட் எடுப்பவர், பிள்ளைகள் உள்ளவர் என்று தள்ளுவதும் தடை. ஆறு மாத வாடகையை மொத்தமாக வைத்தால் தருகிறேன் என்ற பேரத்துக்குப் பலியானவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கதவு அடைபட்டது பெரிய ஆறுதல்.

இந்த வழியின் பள்ளம் வாடகைத் தொகையில் இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற பெனிபிட்டில் வீட்டு வாடகைக்குத் தரும் அளவு 2024 ஏப்ரலில் நிர்ணயித்த பிறகு உறைந்து நின்றுவிட்டது, வாடகையோ ஏறிக்கொண்டே போனது. மொத்தப் பெனிபிட்டுக்கு ஓர் உச்சவரம்பு வேறு இருக்கிறது. 2023 ஏப்ரலில் வைத்த அளவுப்படி லண்டனில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண், மாதத்துக்கு 2,110 அளவில். வேலை வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலும், சில இயலாமைக் கொடுப்பனவுகள் கிடைத்தாலும் இந்த வரம்பு பொருந்தாது. பொருந்துகிற குடும்பம் 1,900 பவுண் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் 210 பவுண்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட வீட்டை அதிகாரி அழகாகக் காட்டினாலும் எடுக்காதீர்கள். ஆறு மாதம் இருக்கக் கூடிய வீடு கிடைத்ததும் பிரிவென்ஷன் கடமை முடிந்துவிடும். பிறகு பாக்கி விழுந்து நோட்டீஸ் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்களால் கட்ட முடியாது என்பதை வரவு செலவுக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள். கட்டுப்படியாகாத வீடு சட்டத்தின் கண்ணிலும் பொருத்தமான வீடு அல்ல.

இருந்த வீட்டிலேயே இருந்து, பிறகு டெம்பரரி (தற்காலிக இருப்பிடம்)

இருவரும் வேலையில்லாமல், மூன்று நான்கு பிள்ளைகளோடு, லண்டனில் கட்டுப்படியாகும் வாடகை வீடே கிடைக்காத குடும்பங்களுக்கு மிஞ்சுவது இது. நோட்டீஸில் இருக்கும் திகதியில் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் நீதிமன்றம் போக வேண்டும், உத்தரவு வாங்க வேண்டும், அதற்கும் பிறகுதான் வீட்டைக் காலி செய்விக்கும் நீதிமன்ற அலுவலரான பெயிலிஃப் வருவார். இதற்கிடையில் பூட்டை மாற்றுவதும் சாமானைத் தூக்கி வெளியே போடுவதும் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலீஸையும் கவுன்சிலையும் கூப்பிடலாம்.

ஆனால் நம்மவரில் பலர் வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில், அவருடைய குசினியையும் குளியலறையையும் பகிர்ந்து, அறை எடுத்து இருக்கிறார்கள். ஒப்பந்தம் கிடையாது, காசு கையில். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகாமலே எழுப்பலாம். அதனால் அறையில் இருப்பவர் போகச் சொன்ன அன்றே கவுன்சிலுக்குப் போக வேண்டும். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள். அங்கே இருந்தீர்கள் என்பதற்கே வேறு சான்று இல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

முழு வாடகை வீட்டில் இருப்பவரிடம் அதிகாரிகள் வழமையாகச் சொல்வது, “பெயிலிஃப் வரும் நாள் வரை இருங்கள்.” அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்த வழிகாட்டி இதற்கு எதிரானது. நீதிமன்றம் போகச் சொன்ன திகதிக்குப் பிறகும் அங்கே இருப்பது நியாயம் என்று கருதுவது மிக அரிதாகவே பொருந்தும் என்கிறது. வழக்குச் செலவும், 400 பவுண் அளவில், பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் விழும். கவுன்சில் இருக்கச் சொன்னால் அதை ஈமெயிலில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேறு இடம் தரும் வரை நாங்கள் உங்கள் சொற்படிதான் இருக்கிறோம் என்று பதில் எழுதி வையுங்கள். இதற்கிடையில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வாடகை கட்டாவிட்டால் சீக்கிரம் கவுன்சில் வீடு கிடைக்கும் என்று கோயில் வாசலில் ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே வீடிழந்தவர் என்ற முத்திரையை உங்கள் நெற்றியில் குத்துவது அந்த ஆலோசனைதான்.

நோட்டீஸ் வந்த கட்டத்திலிருந்தே இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய அரச திட்டம் அது, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வழக்கு நாளன்று நீதிமன்றத்திலேயே உங்களுக்காகப் பேச ஒருவர் இருப்பார். நீதிமன்றக் கடிதம் வந்தால், பயத்தில் வழக்குக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸில் பிழை இருந்து வழக்கே தள்ளுபடியாவதும் உண்டு.

அதன் பிறகு வருவது டெம்பரரி. 2025 மார்ச் கணக்கில் இங்கிலாந்து முழுவதும் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடத்தில் இருந்தன. லண்டனில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர் அப்படித்தான் வாழ்கிறார் என்று 2024இல் பரோக்களின் கூட்டமைப்பே கணக்கிட்டது. நல்ல ஃபிளாட் கிடைத்தவர்களும் உண்டு. ஒரே ஹொட்டல் அறையில் தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். சமைக்கத் தடை. ஒரு ரைஸ் குக்கரைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து, புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று ஜன்னலைத் திறந்து வைத்துச் சோறு வைத்தார் அந்தத் தாய். பிள்ளைகள் உள்ள குடும்பத்தை இப்படிக் குசினி பகிரும் தனியார் பி அண்ட் பி, ஹொட்டல்களில் ஆறு கிழமைக்கு மேல் வைப்பது சட்டவிரோதம். ஏழாம் கிழமை தொடங்கும்போது கடிதம் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். டெம்பரரிக்கும் வாடகை உண்டு. அதற்கான உதவி பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட்டில் வராது, தனியாக ஹவுசிங் பெனிபிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் மாதங்களிலேயே பெரும் பாக்கி விழுந்தவர்கள் பலர்.

இதில் வருடக்கணக்கில் இருக்க நேரலாம். ஆனாலும் முழுக் கடமை ஏற்கப்பட்ட குடும்பத்தைக் கவுன்சில் கைவிட முடியாது, கவுன்சில் வீட்டுப் பட்டியலிலும் உரிய முன்னுரிமை உண்டு. கட்டுப்படியாகாத வாடகை வீட்டுக்கும் இதற்கும் இடையில் தெரிவு செய்ய வேண்டுமென்றால், சிறு பிள்ளைகளும் நோயாளியும் உள்ள வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

தூரத்து வீடு தந்தால்

ஹரோவில் கேட்டால் லூட்டனில் தருவார்கள், ஈஸ்ட்ஹாமில் கேட்டால் எசெக்ஸின் அந்தத்தில். இடம் கிடைக்காதபோது வெளியே அனுப்பக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வெஸ்ட்மினிஸ்டருக்கு எதிரான வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பிள்ளைகளின் படிப்பையும் குடும்பச் சூழலையும் உண்மையாக எடைபோட்டு, ஏன் கிட்டத்தில் முடியவில்லை என்று விளக்க வேண்டும்.

இங்கே ஒரு விதியை மனதில் எழுதி வையுங்கள். இறுதி வழங்கல் (ஃபைனல் ஓஃபர்) என்று கடிதத்தில் இருந்தால் கோபத்தில் மறுக்காதீர்கள். மறுத்து, பிறகு மீளாய்வில் தோற்றால் கடமையே முடிந்துவிடும். ரிலீஃப் கட்டத்திலேயே இப்படி இறுதி வழங்கல் வரலாம். ஏற்றுக்கொண்டு குடிபோய், அதே நேரம் பொருத்தமில்லை என்று 21 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. பரீட்சை எழுதும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரியின் நேர அட்டவணை, தாத்தாவைப் பார்த்துக்கொள்வது யார் என்ற விபரம், வேலை தொடங்கும் நேரம் எல்லாவற்றையும் வழங்கல் வரும் முன்பே கோப்பில் ஏற்றியிருந்தால் தூரம் குறைய வாய்ப்புண்டு. விசாரணை முடியும் முன் தரும் அவசர இருப்பிடத்துக்கு மட்டும் இந்த மீளாய்வு கிடையாது, அதற்கு வழக்கறிஞர்தான் வழி.

தனி ஆளுக்கும் விசாக்காரருக்கும்

நோய் நொடி இல்லாத தனி ஆளுக்கு டெம்பரரி கிடைக்காது என்பதே பொதுவான நிலை. ஆகவே அவருக்குப் பிரிவென்ஷன் கட்டம்தான் எல்லாம். 35 வயதுக்குக் கீழே என்றால் பெனிபிட்டும் பெரும்பாலும் பகிர்ந்த வீட்டின் ஓர் அறைக்குரிய அளவுதான். 56 நாளையும் அறை டெபொசிட் வாங்குவதற்குப் பயன்படுத்துங்கள். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களில் இரவில் தூங்க முடியாதவர்களும், சித்திரவதையின் காயத்தைச் சுமப்பவர்களும் தங்களைச் சுகதேகி என்றே படிவத்தில் எழுதுகிறார்கள். டொக்டரின் கடிதத்தோடு அதைச் சொல்லுங்கள். வீடிழந்தால் சாதாரண ஒருவரைவிட நீங்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவீர்களா என்பதுதான் 2015இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சோதனை. அகதி நிலை கிடைத்து, உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸ் தந்த வீட்டை விட்டு வெளியேறும் கடிதம் வந்தவர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். ஹோம் ஒபிஸ் உங்களை அனுப்பி வைத்திருந்த ஊர்க் கவுன்சிலோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. லண்டனுக்கு நண்பனை நம்பி வந்தால் திரும்ப அங்கேயே அனுப்பக் கூடும்.

மாணவர் விசா, வேலை விசா போன்றவற்றில் பப்ளிக் ஃபண்ட்ஸ் (பெனிபிட் போன்ற அரச உதவி) கிடையாது என்று எழுதியிருந்தால், கவுன்சிலின் ஹவுசிங் பிரிவு உதவாது. வேறு கதவு இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் பிரிவு 17இன் கீழ் சமூக சேவைப் பிரிவு இருப்பிடமும் செலவுக்குக் காசும் தரலாம். கணவனின் விசாவில் வந்து அடி உதைக்கு ஆளான பெண்ணுக்கு, நிலையைப் பொறுத்து, மூன்று மாதம் பப்ளிக் ஃபண்ட்ஸ் எடுக்கும் சலுகையைக் கேட்டு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பிக்கும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கதைக்க வேண்டும், இருக்கிற விசாவையே அது மாற்றிவிடும். வன்முறையிலிருந்து வருபவர் எந்தக் கவுன்சிலிலும் விண்ணப்பிக்கலாம். ஆபத்து இருக்கும் பகுதிக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

போகும் நாளில்

நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது, மூன்று மாத வங்கிக் கணக்கு, ஈ-விசாவின் ஷெயார் கோட் (உங்கள் விசா நிலையைக் காட்டும் குறியீடு), பிள்ளைகளின் பிறப்புச் சான்று, டொக்டரின் கடிதம். இவ்வளவு இருந்தால் தொடங்கலாம், குறைந்தாலும் தொடங்கலாம். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்து தருவார்கள். பன்னிரண்டு வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய வீடு போகப் போகிறது என்பதை அவள் வாயாலேயே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நான் கெஞ்சிக் கேட்பது அது ஒன்றைத்தான்.

“இன்று எதுவும் செய்ய முடியாது” என்று வரவேற்பு மேசையில் சொன்னால், எழும்பிப் போகும் முன், “நான் வீடின்மைக்கு விண்ணப்பிக்கிறேன், உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள்” என்று சொல்லுங்கள். அவசர இருப்பிடம் பற்றிய முடிவு தவிர, எந்தக் கட்டத்தில் உங்களுக்கு எதிராக முடிவு எடுத்தாலும் காரணத்தோடு கடிதம் தர வேண்டும், மீளாய்வு உரிமையையும் அதில் குறிப்பிட வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் உங்களுக்கு. அந்தக் கடிதத்தோடு இலவச ஆலோசனை தரும் ஷெல்டருக்கோ சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ கிட்டடி லோ சென்டருக்கோ போங்கள். வருமானம் குறைந்தவருக்கு இதற்குச் சட்ட உதவி நிதியும் கிடைக்கும். அலுவலக நேரம் முடிந்துவிட்டால் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் இரவு அவசர எண் இருக்கிறது. சாமான்களை என்ன செய்வது என்று தெரியாமல் தெருவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்கு இருப்பிடம் தரும் கடமை உள்ள கவுன்சிலுக்கு உங்கள் உடைமைகளைப் பாதுகாக்கும் கடமையும் இருக்கலாம். கட்டணம் கேட்கலாம், ஆனால் எடுத்து வைத்துத் தருவார்கள்.